பணியிட உடலியக்கமும் காஞ்சிபுரம் நெசவாளரும்

பணியாளர்களின் உடல்நலத்திற்காக வேலை செய்யும் இடத்திலேயே நடைப்பயிற்சி, கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி, யோகாசனம், விளையாட்டு போன்றவற்றுக்கு வாய்ப்பு அளிப்பது பணியிட உடலியக்கம் எனப்படும். இன்று பெரிய நிறுவனங்களின் நலத்திட்டங்களில் இது ஒரு முக்கியப் பகுதியாக உள்ளது. நாற்காலியில் அமர்ந்து கணினி முன் வேலை செய்பவருக்கு உடலியக்கம் தேவை என்பதை எவரும் எளிதில் ஏற்றுக்கொள்வர். நாள் முழுவதும் உடலால் உழைக்கும் ஒருவருக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. காலை முதல் மாலை வரை கையும் காலும் ஓயாமல் இயங்கும் காஞ்சிபுரம் பட்டு நெசவாளரின் வாழ்க்கை இக்கேள்விக்கு நல்ல விடை தருகிறது. அவருடைய தறியோடு சேர்த்துப் பார்த்தால், பணியிட உடலியக்கம் உலகில் வளர்ந்த வரலாறும் தெளிவாக விளங்கும்.

பெரிய காஞ்சிபுரமும் நெசவும்

காஞ்சிபுரம் நகரம் வழக்கில் இரு பகுதிகளாகச் சொல்லப்படுகிறது. ஏகாம்பரநாதர், காமாட்சியம்மன், கைலாசநாதர், உலகளந்த பெருமாள் கோயில்கள் உள்ள மேற்குப் பகுதி பெரிய காஞ்சிபுரம். வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய கிழக்குப் பகுதி சின்ன காஞ்சிபுரம். இரண்டிலும் நெசவாளர்கள் வாழ்கின்றனர். பெரிய காஞ்சிபுரத்தை ஒட்டிய பிள்ளையார்பாளையம் பட்டுத் தறிகளுக்குப் பெயர் பெற்றது.

இந்நகரில் நெசவு மிகப் பழைய தொழில். 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளது. காஞ்சியில் இருந்த நெசவாளர் குடியிருப்புகளையும், கோயில் நிருவாகத்தில் அவர்களுக்கு இருந்த பொறுப்பையும் அது குறிப்பிடுகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடரும் இத்தொழிலில் துணியைப் பற்றி எழுதப்பட்டது மிகுதி. அதை நெய்த உடலைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

தறிக்குழியில் உடல்

காஞ்சிபுரத்தின் மரபுத் தறி குழித்தறியாகும். வீட்டின் தரையில் ஒரு குழி தோண்டி, அதன் விளிம்பில் நெசவாளர் அமர்வார். கால்கள் குழிக்குள் தொங்கும். பாதங்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தும்போது பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்த வழியில் ஒரு கை நாடாவை எறிய, மறு கை அதைப் பிடிக்கும். பிறகு பலகையை இழுத்து அடித்தால் ஓர் இழை சேரும். ஒரு சேலை முடிய இந்த அசைவு ஆயிரக்கணக்கான முறை திரும்ப நிகழ வேண்டும். வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாட்கள் முதல் இருபது நாட்கள் வரையும், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும்.

கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, இரண்டும் நெசவிலேயே பிணைக்கப்படும் சேலை கோர்வைச் சேலை. இதற்கு மூன்று நாடாக்கள் தேவைப்படும். எனவே நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைக் கையாள வேண்டும். முற்காலத்தில் இந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். ஓடியாடி வளர வேண்டிய வயதில் அவர்கள் தறியருகே கால் மடக்கி அமர்ந்திருந்தனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், அதன்பின் அரசும் தொண்டு அமைப்புகளும் எடுத்த நடவடிக்கைகளும், பள்ளிக் கல்வியின் பரவலும் இந்நிலையைப் பெருமளவு மாற்றின. இப்போது அந்த இடத்தில் அமர்பவர் பெரும்பாலும் நெசவாளரின் மனைவி அல்லது குடும்பத்தைச் சேர்ந்த வேறு பெரியவர்.

கரையிலும் முந்தானையிலும் உருவங்களைக் கொண்டுவர, முன்பு ‘அடை’ என்னும் நூற்கட்டு முறை இருந்தது. உதவியாளர் ஒருவர் உரிய நூல்களை இழுத்துக் கொடுப்பார். பின்னர் ஜக்கார்டு பெட்டி வந்ததும் அந்த வேலை நெசவாளரின் காலுக்கு வந்தது. ஒவ்வொரு இழைக்கும் பெட்டியின் கொக்கிகளையும் அவற்றோடு கட்டப்பட்ட எடைகளையும் மிதியால் தூக்க வேண்டும். வேலைப்பாடு கூடக் கூட மிதியின் சுமையும் கூடும்.

இந்த உழைப்பின் தன்மையைக் கவனிக்க வேண்டும். கைகளும் பாதங்களும் ஓயாமல் இயங்குகின்றன. ஆனால் இடுப்பு, முதுகு, கழுத்து ஆகியவை மணிக்கணக்கில் ஒரே நிலையில் முன்னோக்கி வளைந்திருக்கின்றன. ஓரிடத் தசைகள் அளவுக்கு மீறி வேலை செய்ய, மற்றவை வேலையே இல்லாமல் இறுகிக் கிடக்கின்றன. இதயமும் நுரையீரலும் வேகமாக இயங்கும் அளவுக்கு உடல் முழுவதும் ஒருபோதும் அசைவதில்லை. இடுப்புவலி, முழங்கால் வலி, தோள்வலி, கழுத்துவலி, கண் சோர்வு ஆகியவை கைத்தறி நெசவாளரிடம் பரவலாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

நெசவிலிருந்து விலகிய நடை

நெசவு எப்போதும் உட்கார்ந்தே செய்யும் வேலையாக இருந்ததில்லை. பாவு தயாரிக்கும் பணி முழுவதும் நடையால் ஆனது. தரையில் ஊன்றிய குச்சிகளைச் சுற்றி நூலை ஓட்டியபடி முன்னும் பின்னும் நடந்து பாவின் நீளத்தை உருவாக்குவது தென்னிந்தியாவின் பழைய முறை. பிறகு பாவைத் தெருவில் நெடுகக் கட்டி, கஞ்சி தடவி, இழை இழையாகப் பிரித்துச் சீர்செய்வர். வெயில் ஏறுமுன் இவ்வேலை முடிய வேண்டும் என்பதால் விடியற்காலையிலேயே பல வீட்டார் தெருவில் கூடிவிடுவர். ஒருவர் பாவை இழுத்துப் பிடிக்க, மற்றவர்கள் அதன் இருபுறமும் நடந்து வேலை செய்வர். சாயம் தோய்ப்பது, அலசுவது, உலர்த்துவது போன்றவையும் நின்றும் குனிந்தும் நடந்தும் செய்யும் பணிகளே.

இவ்வாறு ஒரு நெசவுக் குடும்பத்தின் வேலையில் உட்காருவது, நிற்பது, நடப்பது, தூக்குவது எல்லாம் கலந்திருந்தன. மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும், தெருப்பாவும் போட முடியாது. அப்போது தறி நிற்கும். பங்குனி உத்திரம் போன்ற திருவிழாக்களின்போதும் வேலை நிற்கும். இந்த ஓய்வு வருமானத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் உடலுக்கு ஒரு மாற்றத்தைத் தந்தது.

20ஆம் நூற்றாண்டில் பாவு ஓட்டும் உருளை இயந்திரங்கள் வந்தன. சாயம் தோய்ப்பது தனிப் பட்டறைகளுக்குச் சென்றது. தயாரான பாவும் ஊடையும் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ முதலாளியிடமிருந்தோ வீட்டுக்கு வரத் தொடங்கின. தெருப்பாவு இன்றும் சில தெருக்களில் காணப்பட்டாலும் முன்போல் இல்லை. வேலைப் பிரிவினையால் நேரம் மிச்சமானது, உற்பத்தியும் சீரானது. அதேவேளை, நடந்து செய்த பணிகள் ஒவ்வொன்றாக விலகி, நெசவாளரிடம் தறியில் அமரும் பணி மட்டுமே எஞ்சியது. அலுவலக ஊழியருக்குக் கணினி செய்ததை, பல ஆண்டுகளுக்கு முன்பே நெசவாளருக்கு இந்தப் பிரிவினை செய்துவிட்டது எனலாம்.

உழைப்பும் உடற்பயிற்சியும்: மருத்துவம் கண்டவை

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை முறையாக எழுதியவர்களில் முன்னோடி, இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி. 1700ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது நூல் பலவகைத் தொழிலாளரின் நோய்களை விவரித்தது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, என்ன தொழில் செய்கிறீர் என்ற கேள்வியையும் மருத்துவர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தையற்காரர், செருப்புத் தைப்பவர் போன்று உட்கார்ந்தே வேலை செய்பவர்களின் முதுகு வளைவதைக் கவனித்த அவர், அவர்கள் விடுமுறை நாட்களிலாவது உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று அறிவுரை கூறினார்.

இதை எண்களால் காட்டியவர் லண்டனைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ். லண்டனின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே சூழலில் வேலை செய்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டு கொடுக்க மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான மாரிஸின் ஆய்வு, ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக வருவதைக் காட்டியது. வந்தாலும் பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. அஞ்சல் துறையிலும் அலுவலக ஊழியர்களைவிட, நடந்தும் மிதிவண்டியிலும் கடிதம் கொண்டுசென்றவர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது.

மாரிஸ் அத்துடன் நிற்கவில்லை. உடல் பருத்தவர்களே ஓட்டுநர் வேலைக்குச் செல்கிறார்களோ என்று ஐயுற்று, ஊழியர்களுக்குத் தைக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவுகளைப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே சற்றுப் பெரிதாக இருந்ததை 1956இல் அவரே வெளியிட்டார். எனவே வேறுபாடு முழுவதற்கும் படிக்கட்டே காரணம் என்று சொல்ல முடியாது என்பது தெளிவானது. ஆனாலும் பிற்காலத்தில் நடந்த பல ஆய்வுகள் அவரது அடிப்படைக் கருத்தை உறுதி செய்தன.

அடுத்து எழுந்த கேள்வி நெசவாளருக்கு நெருக்கமானது. உடலியக்கம் நல்லது என்றால், கடுமையாக உழைப்பவர்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுமே? டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. ஓய்வுநேரத்தில் உடலை இயக்குபவர்களுக்கு இதயநோயும் இறப்பும் குறைவாக இருந்தன. வேலையில் மட்டும் கடுமையாக உழைத்தவர்களுக்கு அவை கூடுதலாக இருந்தன. ஆய்வாளர்கள் இதை ‘உடலியக்க முரண்’ என்கின்றனர்.

இந்த முரணுக்கு அவர்கள் கூறும் காரணங்கள் எளியவை. உடற்பயிற்சி குறுகிய நேரம் நடந்து, பின் ஓய்வு கிடைக்கும். வேலை எட்டு மணி, பத்து மணி நேரம் நீளும். உடற்பயிற்சியில் களைத்தால் நிறுத்தலாம். வேலையில் நிறுத்தினால் கூலி குறையும். உடற்பயிற்சி உடல் முழுவதையும் இயக்கும். வேலை சில தசைகளை மட்டும் தேய்க்கும். சேலைக் கணக்கில் கூலி பெறும் நெசவாளருக்கு இம்மூன்றும் அப்படியே பொருந்துகின்றன.

பணியிடப் பயிற்சிகள் வளர்ந்த வரலாறு

உடற்பயிற்சிக்கு முன் தேவைப்பட்டது ஓய்வு. இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. வயதுவந்த ஆண் தொழிலாளரின் வேலை நேரத்துக்கு அது வரம்பு வைக்கவில்லை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைத் தொழிலாளருக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் என்று வரம்பிட்டது. 1922இல் அது 11 மணியாகவும், 1934இல் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் 10 மணியாகவும் குறைந்தது. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் தொடக்ககாலத் தொழிற்சங்கங்களுள் முக்கியமானது. பி. பி. வாடியா தலைமையில், திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோர் துணையுடன் அது வளர்ந்தது. மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது அன்றைய ஆலைத் தொழிலாளரின் முக்கியக் குறைகளுள் ஒன்று.

விடுதலைக்குப் பின் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வகுத்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, இடையில் குறைந்தது அரைமணி ஓய்வு தர வேண்டும் என்றது. நின்றே வேலை செய்பவர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் கூறியது. உடலின் நிலை மாற வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

வேலையிடத்தில் கூட்டாகப் பயிற்சி செய்யும் வழக்கம் ஜப்பானில் வேரூன்றியது. 1928 நவம்பர் 1 அன்று அந்நாட்டு வானொலி, இசையுடன் கூடிய சில நிமிடப் பயிற்சியை ஒலிபரப்பத் தொடங்கியது. கருவி வேண்டாம், தனி உடை வேண்டாம், எந்த வயதினரும் செய்யலாம் என்பதால் அது பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பரவியது. சோவியத் நாட்டிலும் 1930களிலிருந்து ஆலைகளில் இடைவேளைப் பயிற்சிகள் நடந்தன. சீனா 1951இல் தன் வானொலிப் பயிற்சியைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1970களின் இறுதியிலிருந்து, மருத்துவச் செலவைக் குறைக்கும் நோக்கில் நிறுவனங்கள் நலத்திட்டங்களை அமைக்கத் தொடங்கின.

இந்தியாவில் இரயில்வே, அஞ்சல், வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் விளையாட்டு அணிகளை வளர்த்தன. ஆனால் அணியில் ஆடியவர் சிலரே. மற்றவர்கள் பார்வையாளர்களாகவே இருந்தனர். அனைவருக்குமான முயற்சிகள் அண்மைக் காலத்தவை. 2015 முதல் சூன் 21 பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2019 ஆகஸ்டு 29 அன்று ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் தொடங்கப்பட்டது. பணியிடத்தில் நாற்காலியருகே செய்யக்கூடிய ஐந்து நிமிட யோகப் பயிற்சியை ஆயுஷ் அமைச்சகம் 2021இல் கைப்பேசிச் செயலியாக வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைக்கப்பட்டன.

இவற்றின் தேவை பெரிது. 2024இல் வெளியான உலக அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் போதிய உடலியக்கம் இல்லாமல் வாழ்கின்றனர். பெண்களிடம் இக்குறை மிகுதி. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமும், இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

கிடைக்கும் நன்மைகள்

பணியிட உடலியக்கத்தால் கிடைக்கும் நன்மைகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

• இதயமும் இரத்த ஓட்டமும்: விரைவான நடை போன்ற பயிற்சிகள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும், இதயநோய், பக்கவாதம் ஆகியவற்றின் வாய்ப்பைக் குறைக்கவும் உதவுகின்றன.

• நீரிழிவுக் கட்டுப்பாடு: இயங்கும் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துப் பயன்படுத்துகின்றன. உணவுக்குப் பின் சிறிது நேரம் நடப்பதும், நீண்ட நேரம் அமர்ந்திருப்பதை இடையிடையே முறிப்பதும் சர்க்கரை ஏற்றத்தைத் தணிக்கின்றன.

• தசை, மூட்டு வலி குறைதல்: டென்மார்க்கில் அடிக்கடி கழுத்துவலியும் தோள்வலியும் கொண்ட 198 அலுவலக ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சியை ஒரு குழு நாளுக்கு 2 நிமிடமும், மற்றொரு குழு 12 நிமிடமும், வாரம் ஐந்து நாட்கள் செய்தன. பத்து வாரத்தில் இரு குழுக்களிலும் வலி குறைந்தது. நேரமில்லை என்பவருக்கு இது நல்ல செய்தி.

• மனநலம்: பதற்றமும் சோர்வும் குறைகின்றன, உறக்கம் சீராகிறது. கூட்டாகச் செய்யும்போது தனிமை உணர்வும் குறைகிறது.

• தொழிலில் நீடித்தல்: வலியால் ஐம்பது வயதிலேயே தொழிலை விடுபவர் இன்னும் சில ஆண்டுகள் தொடர முடிந்தால், குடும்ப வருமானத்தோடு அவர் கற்ற கைத்திறனும் காக்கப்படும்.

நலத்திட்டங்களின் எல்லை

நன்மைகளைச் சொல்லும்போது எல்லைகளையும் சொல்ல வேண்டும். உடலியக்கத்தால் நன்மை உண்டு என்பது வேறு, உடலியக்கத் திட்டம் ஒன்றை அறிவித்தால் நன்மை வந்துவிடும் என்பது வேறு.

அமெரிக்காவில் சில்லறை வணிக நிறுவனம் ஒன்றின் 160 கிளைகளில், ஏறத்தாழ 33,000 ஊழியர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த கிளைகளில் மட்டும் நலத்திட்டம் நடத்தப்பட்டது. 18 மாதங்களுக்குப் பின், அக்கிளைகளில் ஒழுங்காக உடற்பயிற்சி செய்வதாகக் கூறியவர்கள் கூடியிருந்தனர். ஆனால் இரத்த அழுத்தம், கொழுப்பு, மருத்துவச் செலவு, விடுப்பு நாட்கள் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2019இல் வெளியான இம்முடிவோடு, இல்லினாய் பல்கலைக்கழக ஊழியர்களிடம் நடந்து அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வும் ஒத்துப்போனது. ஏற்கெனவே நலமாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தவர்களே திட்டத்தில் அதிகம் சேர்ந்தனர் என்பதையும் அது காட்டியது.

இதிலிருந்து கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. வேலை அப்படியே இருக்க, அதன்மேல் ஒரு பயிற்சி வகுப்பை ஒட்டவைத்தால் பயன் குறைவு. வேலை செய்யும் முறையிலும், இருக்கையிலும், ஓய்வு நேரத்திலும் மாற்றம் வந்து, அதோடு பயிற்சியும் சேரும்போதே அது நிலைக்கும்.

அமர்ந்து நெய்பவரும் நின்று விற்பவரும்

காஞ்சிபுரம் காந்தி சாலையில் வரிசையாகப் பட்டுச் சேலைக் கடைகள் உள்ளன. பிள்ளையார்பாளையத்தில் பல நாட்கள் ஒருவர் அமர்ந்து நெய்த சேலையை, அங்கே இன்னொருவர் நின்றுகொண்டே விரித்துக் காட்டுகிறார். தமிழ்நாட்டின் ஜவுளிக் கடைகளில் விற்பனையாளர்கள் நாள் முழுவதும் நிற்பது நெடுங்கால வழக்கம். வாடிக்கையாளர் இல்லாத வேளையிலும் அமர அனுமதி இல்லாத கடைகள் பல இருந்தன. கால்வீக்கம், நரம்புச் சுருள், குதிகால் வலி ஆகியவை இதனால் வந்தன.

கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண் ஊழியர்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியதைத் தொடர்ந்து 2018இல் அங்குச் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லாக் கடைகளிலும் ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்று அது கூறுகிறது.

ஒரே சேலையின் இரு முனைகளிலும் உள்ள இவ்விருவரின் துன்பமும் ஒன்றே. ஒருவருக்கு எழுந்து நடக்க வேண்டும், மற்றவருக்கு உட்கார வேண்டும். உடல் எந்த நிலையிலும் நெடுநேரம் உறையாமல், நிலை மாறிக்கொண்டிருப்பதே பணியிட உடலியக்கத்தின் அடிப்படை.

வீடே பணியிடமானால்

விற்பனையாளருக்குச் சட்டம் உண்டு, ஆலைத் தொழிலாளருக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 பேரும், பயன்படுத்தாத இடத்தில் 20 பேரும் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. கணவனும் மனைவியும் அமரும் வீட்டுத் தறி அக்கணக்கில் வராது. அங்கே இடைவேளை மணி அடிப்பவரும் இல்லை, நல அலுவலரும் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உள்ள பெரிய தொழிற்சாலைகளுக்கு நெசவாளர் பிள்ளைகள் பலர் நிறுவனப் பேருந்தில் செல்கின்றனர். அங்கே பிள்ளைக்குக் கிடைக்கும் ஓய்வு நேரமும் உடல் பரிசோதனையும் வீட்டில் தறியில் இருக்கும் தந்தைக்குக் கிடைப்பதில்லை.

அரசின் சில திட்டங்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. 2005-06இல் கைத்தறி நெசவாளருக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. அது நோய் வந்தபின் உதவுவது. 2016இல் மத்திய ஜவுளி அமைச்சகம் தொடங்கிய தறிக்கருவி உதவித் திட்டத்தில் செலவில் 90 விழுக்காட்டை அரசே ஏற்றது. மின்மோட்டாரால் ஜக்கார்டைத் தூக்கும் கருவியும் அதில் இடம்பெற்றது. காலின் சுமையைக் குறைக்கும் இத்தகைய மாற்றம், பயிற்சிக்கு முன் வேலையையே சரிசெய்யும் வழியாகும். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளோடு இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார். வீடே பணியிடமாக உள்ள ஊரில் இது பணியிட நலத்திட்டமாகவும் பயன்படக்கூடியது. 2024இல் இத்திட்டம் தொழிற்சாலைகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது.

தறி வீட்டில் செலவின்றிச் செய்யக்கூடியவையும் உண்டு. தார் ஒன்று தீரும்போது அதை மாற்ற எப்படியும் கை நிற்கும். அப்படிச் சில தார்களுக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து நின்று முதுகைப் பின்னோக்கி வளைப்பது, தோள்களைச் சுழற்றுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, தொலைவில் உள்ள பொருளைச் சிறிது நேரம் பார்ப்பது ஆகியவை இரண்டு நிமிடத்தில் முடியும். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்வதும், தறிக்கு நல்ல வெளிச்சம் அமைப்பதும் முன்வளைவைக் குறைக்கும். காலையிலோ மாலையிலோ அரைமணி நடப்பது, தெருப்பாவு முன்பு தந்த நடையை மீட்டுத் தரும். ஏற்கெனவே கடும் முதுகுவலியோ இதயநோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின் தொடங்க வேண்டும்.

கூட்டுறவு தரும் வழி

இவற்றைத் தனி ஒருவர் தொடங்குவது எளிது, தொடர்வது கடினம். ஜப்பானில் வானொலிப் பயிற்சி நிலைத்ததற்கு, எல்லோரும் ஒரே நேரத்தில் செய்தது ஒரு முக்கியக் காரணம். காஞ்சிபுரம் நெசவாளருக்குப் பொதுவான முதலாளி இல்லை. ஆனால் பொதுவான சங்கங்கள் உண்டு. காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா, முருகன் முதலிய பெயர்களில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. நெசவாளர் பாவு வாங்கவும் சேலை கொடுக்கவும் கூலி பெறவும் அங்கே வருகின்றனர். நெசவாளர் சேவை மையமும் நகரில் உள்ளது. மாதம் ஒருமுறை சங்கத்தில் இயன்முறை மருத்துவரை அமர்த்துவது, புதிய தறி அமைக்கும்போது இருக்கை உயரம் பற்றி வழிகாட்டுவது, தெருவாரியாக நடைக்குழு அமைப்பது போன்றவை சங்கங்களால் இயலும்.

கூட்டுறவு இந்நகருக்குப் புதிதன்று. இந்தியாவில் 1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டப்படி நகர்ப்புறத்தில் பதிவான முதல் சங்கம், அவ்வாண்டு அக்டோபரில் காஞ்சிபுரத்தில்தான் பதிவானது. பெரிய காஞ்சிபுரத்தின் பெயரிலேயே ஒரு கூட்டுறவு நகர வங்கி இன்றும் உள்ளது. தனித்தனியே கடனுக்கு அலைந்தவர்கள் ஒன்றுகூடித் தங்கள் பணத்தைக் காத்துக்கொள்ள அன்று வழி பிறந்தது. தறியில் தனித்தனியே அமர்ந்திருப்பவர்கள் தங்கள் முதுகையும் முழங்காலையும் காத்துக்கொள்ளவும் அதே வழி பயன்படும். பட்டுக்குத் தரச்சான்று இருப்பதுபோல, அதை நெய்பவரின் உடல்நலத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தால்தான் அடுத்த தலைமுறை தறியில் அமர முன்வரும்.